தானாக ஆஃப் ஆகும் டெஸ்க்டாப்: ஒரே புகார், இரண்டு கோளாறுகள்

இந்த டெஸ்க்டாப் என் அக்கா மகனுடையது. திருமங்கலத்தில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அவனே அசெம்பிள் செய்த மெஷின். ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர், 32 ஜிபி ரேம், சுவர் கரண்ட்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 650 வாட். முதலில் சின்ன கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டிருந்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ கரன்சி, கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்துச் செய்யும் மைனிங்கைக் கைவிட்ட பிறகு பெரிய கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் குவிந்தன. அப்படி வந்த ஒரு ஆர்டிஎக்ஸ் 3080-ஐ வாங்கிப் போட்டான். தொந்தரவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

புகார் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை வராது, எச்சரிக்கை வராது. பாதி எக்ஸ்போர்ட் ஆன வீடியோ போய்விடும், பார்ட்டிக்கு நாள் சொல்லியிருப்பான், ராத்திரி முழுக்க மறுபடி உட்கார வேண்டும். கடையில் கொடுத்துப் பார்த்திருக்கிறான். தெர்மல் பேஸ்ட் மாற்றினார்கள், ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டார்கள், விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். கடையில் ஒழுங்காக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் பழையபடி.

"அங்க நல்லாத்தான் மாமா ஓடுச்சு. இங்க வந்தாத்தான் படுத்துது" என்றான்.

இந்த ஒரு வரியில் நிறைய விஷயம் இருக்கிறது. கடையில் ஓடி வீட்டில் படுத்தால், இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். கரண்ட் வேறு, ப்ளக் பாயின்ட் வேறு, அறையின் சூடு வேறு, அதில் ஓட்டும் வேலையும் வேறு. கடையில் யாரும் 3080-ஐ முழுதாக விரட்டிப் பார்ப்பதில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்பு அவனை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். அணைந்தபோது மணி என்ன, என்ன ஓடிக்கொண்டிருந்தது, அறையில் லைட்டோ ஃபேனோ சிமிட்டியதா. எல்லாவற்றையும் விட முக்கியம், அணைந்த பிறகு என்ன ஆனது: தானாகவே மறுபடி கிளம்பியதா, இல்லை செத்துக் கிடந்ததா? செத்துக் கிடந்தால், முன்பக்க பட்டனை அழுத்தியதும் உயிர் வந்ததா, பின்னால் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை ஆஃப் செய்து ஆன் செய்த பிறகுதான் வந்ததா?

நோட்டு கொஞ்சம் நிரம்பியதும் வாங்கிப் பார்த்தேன். ஒரு சில வரிகளில் "கேம் ஓடும்போது, டிக்குனு சத்தம், அப்புறம் பட்டன் வேலை செய்யல, பின்னாடி ஸ்விட்ச் போட்டுத்தான் வந்துச்சு" என்று இருந்தது. வேறு சில வரிகளில் "எக்ஸ்போர்ட் ஓடும்போது, சாயங்காலம், தானா ரீஸ்டார்ட் ஆச்சு" என்று இருந்தது. முதல் வகைக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டாவது வகை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. அவன் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து "ஆஃப் ஆகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்காரரும் அதைத்தான் கேட்டிருப்பார். இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள் என்று அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது.

மெஷினில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவர் இந்த இடத்தில் அதிகம் உதவாது. பலரும் அதில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் ஒரு பதிவைப் பார்த்துவிட்டு, அதுவே காரணம் என்று நினைத்துத் தேட ஆரம்பிக்கிறார்கள். போன தடவை மெஷின் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் 41 சொல்கிறது. ப்ளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். ஆனால் அந்தப் பதிவின் விவரப் பகுதியைத் திறந்தால் இரண்டு எண்கள் பயன்படும். பக்செக் கோட் பூஜ்யமாக இல்லாவிட்டால் விண்டோஸே விழுந்திருக்கிறது, அதாவது நீலத் திரை வகை. பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் பூஜ்யமாக இல்லாவிட்டால் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அல்லது கேபினட்டின் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு அழுத்திப் பிடித்தது போலவே நடந்துகொள்கிறது. இங்கே எல்லாப் பதிவிலும் இரண்டுமே பூஜ்யம். விண்டோஸுக்குத் தெரியாமல் கரண்ட் போயிருக்கிறது. விண்டோஸை மறுபடி ஏற்றியதில் பலன் இல்லாமல் போனது இதனால்தான்.

பட்டன் விஷயத்தைச் சும்மா விட மனமில்லை. மதர்போர்டில் பவர் ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு ஆன் செய்து ஓட்டினோம். அப்போதும் அணைந்தது. பட்டன் நிரபராதி.

அடுத்து சூடு. தானாக ஆஃப் ஆனால் எல்லோரும் முதலில் சொல்வது "ஹீட் ஆகுது" என்பதுதான். தப்பில்லை, அது நடக்கக்கூடியதே. ஆனால் இன்றைய ப்ராசஸர்கள் சூடானதும் உடனே அணைவதில்லை. 5800எக்ஸ் 90 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அங்கேயே நிற்கப் பார்க்கும். அதையும் மீறிப் போனால்தான் தற்காப்புக்காக அணையும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரை வைத்து சூடு முதலான எல்லா அளவுகளையும் ஒரு ஃபைலில் பதிவு செய்ய விட்டோம். மெஷின் அணைந்தால் அந்த ஃபைலின் கடைசி வரி, அணைவதற்கு முந்தைய நொடியின் நிலவரம். ஒரு தடவை கேமில் லோடிங் முடிந்து காட்சி திறந்த அதே நொடியில் அணைந்தது. கடைசி வரியில் கார்டு 61 டிகிரி, ப்ராசஸர் 66. இந்தச் சூட்டில் எதுவும் அணையாது. சூட்டை அதோடு விட்டுவிட்டோம். ரேமையும் மெம்டெஸ்ட்86-ல் ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டோம், பிழை ஒன்றும் வரவில்லை. ரேம் கெட்டிருந்தால் பெரும்பாலும் நீலத் திரையோ உறைந்துபோவதோதான் வரும், இப்படிச் சுத்தமாக வெட்டிவிட்டாற்போல் நிற்காது.

செத்துக் கிடக்கும் வகை

அந்த 'டிக்' சத்தமும், பின்னால் ஸ்விட்சைப் போட்டால்தான் வருவதும் எஸ்எம்பிஎஸ்ஸின் தற்காப்பு வேலை செய்திருப்பதைக் காட்டும் அடையாளங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றிலும் அளவுக்கு மீறிய கரண்ட், கூடின வோல்டேஜ், குறைந்த வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் இவற்றைக் கவனிக்கும் சர்க்யூட் உண்டு. அது ஒரு தடவை வெட்டிவிட்டால் தாழ் போட்டுக்கொள்ளும். பல எஸ்எம்பிஎஸ்களில் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, உள்ளே இருப்பது வடியக் கொஞ்ச நேரம் கொடுத்துப் போட்டால்தான் தாழ் விலகும்.

கணக்கைப் பார்த்தால் 650 வாட் போதும் என்றுதான் தோன்றும். 3080 கார்டுக்கு 320 வாட். 5800எக்ஸ் முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50, 60 வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 520 சொச்சம். அவனும் இப்படித்தான் கூட்டிப் பார்த்து வாங்கியிருந்தான். கூட்டல் சரிதான். ஆனால் 320 என்பது சராசரி. இந்தத் தலைமுறைக் கார்டுகள் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைந்த நேரத்துக்கு அதைத் தாண்டி 400, 450 வாட் என்று எகிறிவிட்டு இறங்கும். அந்த எகிறலும் ப்ராசஸரின் உச்சமும் ஒரே கணத்தில் சேர்ந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் காவல் சர்க்யூட் அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். 3080-க்கு என்விடியாவே 750 வாட் எஸ்எம்பிஎஸ் சிபாரிசு செய்தது. 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையில், பெரிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் 100 மைக்ரோசெகண்டுக்குத் தன் அளவைப் போல இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்று எழுதி வைத்ததற்கு இந்த எகிறல்தான் காரணம். அவனுடைய எஸ்எம்பிஎஸ் அதற்கு முந்தைய தலைமுறை. அட்டைப்பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் முத்திரை இதைப் பற்றி எதுவும் சொல்லாது. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான முத்திரை அது.

இது ஊகமாகவே நின்றுவிடக் கூடாதே, சோதித்தோம். சினிபெஞ்ச் வைத்து ப்ராசஸரை மட்டும் விரட்டினால் ஒன்றும் ஆகவில்லை. ஃபர்மார்க் வைத்து கார்டை மட்டும் அரை மணி நேரம் விரட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை! அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப கார்டும் இல்லையா மாமா?" ஃபர்மார்க் கொடுப்பது ஒரே சீரான பாரம். பாரம் கனமாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் குறைவு. கேம் அப்படி இல்லை: மெனுவில் சும்மா இருக்கும், காட்சி மாறும், வெடிக்கும், மறுபடி அடங்கும். எகிறல் அங்கேதான் பிறக்கிறது. "ஃபர்மார்க் ஓடியது, அதனால் எஸ்எம்பிஎஸ் நல்லது" என்று சான்றிதழ் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மல்டிமீட்டரும் இதில் பாதி சாட்சிதான். 12 வோல்ட் லைனில் வைத்துப் பார்த்தோம். சும்மா இருக்கையில் 12.1, பாரத்தில் 11.8. அனுமதி 11.4 முதல் 12.6 வரை, அதனால் குறை சொல்ல முடியாது. ஆனால் சாதாரண மீட்டர் ஒரு செகண்டுக்கு இரண்டு மூன்று தடவைதான் அளந்து காட்டும். மில்லிசெகண்டுக்குள் நடப்பது அதன் கண்ணில் படாது.

விடை கொடுத்தது காசு செலவில்லாத ஒரு சோதனை. ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினோம். 224 வாட்டுக்கு மேல் சராசரி போகாது. அதே கேம், அதே காட்சி, அதே அறை. அணையவில்லை. பல நாள் அப்படியே ஓட்டினான், அணையவே இல்லை. 100-க்கு ஏற்றிய அன்று சாயங்காலமே 'டிக்'. மறுபடி இறக்கினால் அமைதி. ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, கோளாறை வரவும் போகவும் வைக்க முடிந்தால், பிடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

கேபினட்டைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கார்டில் இரண்டு 8-பின் சாக்கெட். இரண்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரே கேபிள், அதன் நுனியில் இரண்டு தலை. ஒரு 8-பின் தலைக்கு 150 வாட் கணக்கு. மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது போக 250 வாட்டுக்குக் குறையாமல் அந்த ஒற்றைக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதாவது 20 ஆம்பியருக்கும் மேல். கேம் ஓடிக்கொண்டிருக்கையில் கேபிளைத் தொட்டால் வெதுவெதுப்பு நன்றாகத் தெரிந்தது. பெட்டியில் சும்மா கிடந்த இரண்டாவது கேபிளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். அணைவது வெகுவாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில் நண்பர் ஒருவரிடம் 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பவர் லிமிட் 100-ல் இருந்தும் 'டிக்' சத்தம் அதோடு போயிற்று. அதன் பிறகுதான் புதிது வாங்கச் சொன்னேன்.

எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையாக இருந்தால் பழைய கேபிள்களையும் முழுதாகக் கழற்றிவிட்டுப் புதியதோடு வந்தவற்றையே போடுங்கள். கார்டு, மதர்போர்டு பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலும் மாறும். சாக்கெட்டில் பொருந்திவிட்டதே என்று போட்டால் ஹார்டு டிஸ்க்கின் 5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் ஏறலாம். எடிட்டிங் வேலை செய்பவனுக்கு டிஸ்க் போவதை விடப் பெரிய நஷ்டம் இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கவும் ஆசைப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டை ஒட்டி நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

தானே திரும்பி வரும் வகை

எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகும் சாயங்கால ரீஸ்டார்ட் தொடர்ந்தது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் "புது எஸ்எம்பிஎஸ்ஸும் சரியில்லை" என்று இரண்டு பேரும் நொந்து போயிருப்போம்.

மாடி அறையின் ப்ளக் பாயின்ட் எந்த லைனில் இருக்கிறது என்று பார்த்தோம். இன்வெர்ட்டர் லைன். அக்காவிடம் கேட்டேன். "சாயங்காலம் லோ வோல்டேஜ் தம்பி, லைட்டு ஃபேனெல்லாம் அப்பப்ப சிமிட்டும். எலக்ட்ரீஷியன்தான் இன்வெர்ட்டர்ல ஏதோ மாத்தி வச்சிட்டுப் போனாரு" என்றார். இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச், யூபிஎஸ் என்றும் நார்மல் என்றும் இரண்டு நிலை. அது நார்மலில் இருந்தது.

யூபிஎஸ் நிலையில் இருந்தால், இ.பி. வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிவிடும், மாறுவதும் 10 மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடும். நார்மல் நிலையில் வோல்டேஜ் அதற்கும் வெகு கீழே போகும் வரை பொறுத்திருக்கும், மாறும்போது 40 மில்லிசெகண்ட் வரைகூட எடுத்துக்கொள்ளும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது ஒரு சிமிட்டல், அவ்வளவுதான். லோ வோல்டேஜ் ஊரில் பேட்டரி சும்மா சும்மா காலியாகக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் நார்மலில் வைத்தது நியாயமான காரியம். அந்த லைனில் இப்படி ஒரு கம்ப்யூட்டர் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் சுவரில் கரண்ட் போனதும் அந்தக் கணமே சாவதில்லை. கெப்பாசிட்டரில் சேர்ந்திருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டும். ஏடிஎக்ஸ் வழிகாட்டி நீண்ட காலம் முழு பாரத்தில் 17 மில்லிசெகண்ட் எதிர்பார்த்தது. பாரம் குறைந்தால் அந்த நேரம் நீளும், பாதி பாரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சும்மா பிரவுசர் திறந்து வைத்திருக்கும்போது 40 மில்லிசெகண்ட் இடைவெளியை மெஷின் சுலபமாகத் தாண்டிவிடும். எக்ஸ்போர்ட் ஓடும்போது தாண்டாது. கெப்பாசிட்டர் வற்றப் போகிறது என்றதும் எஸ்எம்பிஎஸ், பவர் ஓகே என்ற சிக்னலைக் கீழே இறக்கும், மதர்போர்டு ரீசெட் ஆகும், அதற்குள் இன்வெர்ட்டர் கரண்ட் வந்துவிடுவதால் மெஷின் முதலிலிருந்து கிளம்பும். "எல்லா கரண்ட் கட்டுக்கும் ஆகலியே மாமா, சில நேரம்தானே ஆகுது" என்று அவன் குழம்பியதற்கு விடை இதில் இருந்தது.

இதையும் கண்ணால் பார்த்துவிட்டோம். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, திறந்திருந்த ஃபைல்களை மூடிவிட்டு, டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது மெயின் எம்.சி.பி.யை இறக்கினோம். ட்யூப்லைட் ஒரு கண் சிமிட்டியது, மெஷினில் அசைவில்லை. பிறகு ஒரு வெத்து எக்ஸ்போர்ட்டை ஓட விட்டு மறுபடி இறக்கினோம். திரை கறுத்தது, ஃபேன்கள் இறங்கி மறுபடி எழுந்தன, மதர்போர்டு லோகோ வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து அந்த வரிகளுக்குப் பக்கத்தில் டிக் அடித்தான்.

யூபிஎஸ் நிலைக்கு மாற்றி முடித்துவிடலாம் என்று தோன்றும். இந்த வீட்டுக்கு அது சரிவராது. சாயங்காலம் அந்த ப்ளக்கில் 180, 190 வோல்ட்தான் வருகிறது, இன்வெர்ட்டர் நிமிஷத்துக்கொரு தரம் பேட்டரிக்குத் தாவும். அதோடு 500 வாட் இழுக்கும் மெஷினை வீட்டு இன்வெர்ட்டரில் கட்டினால் ராத்திரி கரண்ட் போகும்போது ஃபேனுக்கு மிச்சம் இருக்காது. அதனால் கம்ப்யூட்டரை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்து, இ.பி. லைனில் தனியாக ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் இழுத்து, அதில் சைன் வேவ் கொடுக்கும் 1 கேவிஏ யூபிஎஸ் ஒன்றை வைத்தோம். 600 விஏ என்று மலிவாக விற்பவை பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், இந்த மெஷின் எக்ஸ்போர்ட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து விழும். விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கியதில் 600 வாட். ஃபைலைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்கச் சில நிமிஷம் கிடைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கவில்லை. கார்டையும் கொஞ்சம் அண்டர்வோல்ட் செய்து, அதாவது அதன் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து வைத்தோம். எக்ஸ்போர்ட் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அறையின் சூடு குறைந்தது.

புது பாயின்ட் இழுக்கும்போது எலக்ட்ரீஷியன் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பழைய ப்ளக்கில் எர்த் துளை இருந்தது, உள்ளே எர்த் ஒயர் இல்லை. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுரு என்று இருக்கிறது என அவன் முன்பே சொன்னதுண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியவிடும் சிறு கரண்டுக்குப் போக எர்த் வழி இல்லாவிட்டால், அது கேபினட்டிலேயே நின்று கை வழியாக இறங்கப் பார்க்கும். அணைந்ததற்கு இது காரணம் இல்லை. ஆனாலும் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொடுகிற வீட்டில் இதை அப்படியே விட முடியாது. மாடியின் எல்லா ப்ளக்குக்கும் எர்த் இழுக்கச் சொல்லிவிட்டார் அக்கா.

கழற்றிய 650 வாட் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதில்லை. அதன் சக்திக்கு மேல் கேட்டார்கள், அது வெட்டிக்கொண்டது. தங்கைக்குக் காலேஜுக்காக ஒரு மெஷின் அசெம்பிள் செய்கிறான், பழைய சின்ன கார்டோடு சேர்ந்து அது அங்கே போகிறது. அந்த மெஷின் மொத்தமாக 250 வாட்டைத் தாண்டாது.